வீடு கட்டும்போது மெயிலில் வரும் படங்கள்: எங்கே வைத்தால் பிறகு கைக்குக் கிடைக்கும்?

வேலை வெளியூரில், வீடு எழும்புவது சொந்த ஊரில். இப்படிக் கட்டுகிறவர்கள் இன்று ஏராளம். சைட்டைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினீயரோ சூப்பர்வைசரோ வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போனில் படம் எடுத்து மெயிலில் அனுப்பிவிடுகிறார். வந்த அன்று திறந்து பார்க்கிறோம், வீட்டில் எல்லோருக்கும் காட்டுகிறோம். அதோடு சரி, அந்த மெயில் இன்பாக்ஸின் அடியில் போய்விடுகிறது.

ஆனால் இந்தப் படங்களுக்கு உண்மையான வேலை வருவது குடிபோய் மூன்று நான்கு வருடம் கழித்துத்தான். கீசர் மாற்ற வந்தவர் டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், இந்த இடத்துல பைப் போகுதா?" என்று கேட்பார். பூச்சு முடிந்து டைல்ஸும் ஒட்டியான பிறகு சுவருக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல, பூசுவதற்கு முன்னால் எடுத்த அந்தப் படம்தான் சாட்சி. மேல்தளத்துக் கம்பி கட்டு, ஃபேன் பாக்ஸுக்குப் போகும் வயரிங் குழாய், சுவரைக் கொத்திப் பதித்த தண்ணீர்ப் பைப், குளியலறைத் தரைக்கு அடியில் செய்த வாட்டர்ப்ரூஃபிங், செப்டிக் டேங்க்கின் மூடி மண்ணுக்குள் போன இடம் எல்லாமே ஒரு தடவைதான் கண்ணுக்குத் தெரியும். மூடிவிட்டால் மூடினதுதான்.

குடும்பப் படங்களை நாம் தேதியையும் முகத்தையும் வைத்துத் தேடுகிறோம். கட்டிடப் படத்தைத் தேடுவது இடத்தை வைத்து: எந்த அறை, எந்தச் சுவர். படங்களை மெயிலிலேயே விடுவதா, கூகுள் போட்டோஸில் ஏற்றுவதா, கூகுள் டிரைவில் ஃபோல்டர் போடுவதா, கம்ப்யூட்டரில் இறக்கி ஹார்டு டிஸ்க்கில் வைப்பதா என்று முடிவு செய்யும்போது இந்த ஒன்றை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் எடை போட வேண்டும். இதை விட்டுவிட்டு எத்தனை ஜிபி இலவசம் என்று மட்டும் பார்ப்பவர்கள் கடைசியில் எல்லாப் படங்களையும் வைத்திருப்பார்கள், வேண்டிய படம் மட்டும் கிடைக்காது.

மெயிலில் வாங்குவதே சரியா என்று முதலில் பார்த்துவிடலாம். சரிதான் என்பது என் கருத்து. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், படத்துக்குள் பதிந்திருக்கும் எடுத்த தேதியும் நேரமும் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே வரும்தான், ஆனால் சைட்டில் நிற்கிற மனிதர் ஒவ்வொரு தடவையும் அதை நினைவில் வைத்துச் செய்வார் என்று எதிர்பார்க்க முடியாது. மெயிலில் ஒட்டி அனுப்பும் படம் எடுத்தபடியே வந்து சேரும். சில ஆண்ட்ராய்டு போன்களில் இடக் குறிப்பு கழன்றுவிடலாம், ஆனால் தேதி நிற்கும். நமக்கு அதுதான் முக்கியம்.

தேதி ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம். ரூஃப் கான்கிரீட் போட்ட பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி வைப்பார்கள். இந்தியத் தர விதித்தொகுப்பான ஐ.எஸ். 456, சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாளும், பிபிசி (PPC) போன்ற கலப்பு சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாளும் கான்கிரீட் ஈரமாக இருக்க வேண்டும் என்கிறது. இப்போது வீடுகளுக்குப் பெரும்பாலும் பிபிசிதான் வருகிறது. பத்தாவது நாள் மாடியில் தண்ணீர் நின்றதா என்பதை அந்த நாளின் தேதி பதிந்த படம் சொல்லிவிடும். அதே படத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கினால் ஃபைலின் தேதி என்று வெளியில் காட்டுவது பெரும்பாலும் இறக்கிய நாளைத்தான். விண்டோஸில் ஃபைலின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, டீட்டெய்ல்ஸ் பகுதியில் 'எடுத்த தேதி' என்று இருப்பதைப் பார்க்க வேண்டும்.

வந்து சேரும்போதே தவறிப்போகும் படங்கள்

சேமிப்பதற்கு முன், உண்மையிலேயே படம் நம் கைக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைப் பலரும் கவனிப்பதில்லை.

ஜிமெயிலில் ஒரு மெயிலோடு 25 எம்பி வரைதான் ஒட்டி அனுப்பலாம். போன் கேமராவில் எடுக்கும் படம் ஒன்று 3 முதல் 5 எம்பி வரும். மெயிலுக்காக மாற்றும்போது அது மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும் என்பதால் ஒரு மெயிலுக்கு நான்கைந்து படம்தான் பத்திரமான கணக்கு. அதற்கு மேல் போனால் ஜிமெயில் தானாகவே படங்களை அனுப்புகிறவரின் டிரைவில் ஏற்றி, நமக்கு லிங்க்கை மட்டும் அனுப்பும். பார்ப்பதற்கு எல்லாம் வந்துவிட்டது போலவே இருக்கும். ஆனால் படம் சூப்பர்வைசரின் கணக்கில்தான் இருக்கிறது. இடம் போதவில்லை என்று அவர் ஒருநாள் அழித்தால் நம்முடையதும் சேர்ந்து போய்விடும். ஐபோனின் மெயில் ஆப்பில் பெரிய படங்கள் 'மெயில் டிராப்' வழியாகப் போவதுண்டு. அந்த லிங்க்குக்கு ஆயுள் 30 நாள்தான். ஆகவே லிங்க்காக வந்த படங்களை அன்றைக்கே இறக்கிவிடுங்கள்.

ஐபோனிலிருந்து அனுப்பும்போது சிறியது, நடுத்தரம், பெரியது, உண்மையான அளவு என்று கேட்கும். உண்மையான அளவைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சிறியதில் வரும் படத்தைப் பெரிதாக்கிக் கம்பியை எண்ண முடியாது. இன்னொன்று, 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் ஹெய்க் என்ற வடிவில் படத்தைச் சேமிக்கின்றன. எல்லாக் கம்ப்யூட்டரிலும் அது உடனே திறக்காது. போனின் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மேட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்பதைப் போட்டுவிட்டால் ஜேபெக்காகவே எடுக்கும்.

மெயிலிலேயே விட்டுவிடுவது

வேலையே இல்லாத வழி இது. அனுப்பியவர், நாள், அவர் எழுதிய குறிப்பு மூன்றும் படத்தோடேயே இருக்கும். கான்ட்ராக்டரோடு கணக்கு வழக்கு என்று வந்தால் இதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

கொஞ்சம் ஒழுங்கு செய்தால் இன்னும் நன்றாக நிற்கும். ஜிமெயில் முகவரியில் உங்கள் பெயருக்குப் பிறகு ஒரு கூட்டல் குறியும் ஏதாவது ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுத்தாலும் மெயில் உங்களுக்கே வரும். சைட் ஆட்களுக்கு அப்படி ஒரு முகவரியைக் கொடுத்து, அதற்கு வருவதெல்லாம் 'வீடு' என்ற லேபிளுக்குப் போகும்படி ஒரு ஃபில்டர் போட்டால் ஆபீஸ் மெயிலோடும் வங்கி மெயிலோடும் கலக்காது.

குறை எங்கே என்றால் தேடலில். 'அடுக்களைச் சுவர்' என்று மெயிலில் யாரும் எழுதியிருக்காவிட்டால், அடுக்களைச் சுவர் என்று தேடி எதுவும் கிடைக்காது. சைட் ஆட்களில் பலர் பழைய மெயில் ஒன்றைத் திறந்து ரிப்ளை அடித்துப் படத்தை ஒட்டி அனுப்புவார்கள். தலைப்பு 'அஸ்திவாரம்' என்றே இருக்கும், உள்ளே வருவது இரண்டாவது மாடி ஜன்னலாக இருக்கும். ஜிமெயிலும் அதை ஒரே உரையாடலாகக் கோத்துக்கொண்டே போகும், நூறு மெயில் தாண்டினால்தான் புதிதாக ஒன்றைத் தொடங்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. வீட்டு வேலைக்கென்றே தனி ஜிமெயில் கணக்கு தொடங்குபவர்கள் உண்டு. வேலை முடிந்ததும் யாரும் அதைத் திறப்பதில்லை. இரண்டு வருடம் யாரும் நுழையாத தனிநபர் கணக்குகளை உள்ளே இருப்பவற்றோடு சேர்த்து நீக்கலாம் என்று கூகுள் 2023-இல் விதியை மாற்றியது. அந்த டிசம்பரிலிருந்து அது நடப்பில் இருக்கிறது. படம் தேவைப்படும் காலத்தையும் இந்த இரண்டு வருடத்தையும் சேர்த்துப் பாருங்கள். தனிக் கணக்கு வேண்டாம், தினமும் திறக்கும் கணக்கிலேயே லேபிள் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அவுட்லுக் டாட் காம் வைத்திருப்பவர்கள் வேறு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெயில் பெட்டி 15 ஜிபி என்றாலும், 2023 பிப்ரவரி முதல் மெயிலோடு வரும் இணைப்புகள் இலவச 5 ஜிபி கிளவுட் கணக்கிலும் சேர்கின்றன. கட்டிடப் படங்களுக்கு அது சீக்கிரம் நிறைந்துவிடும்.

கூகுள் போட்டோஸ்

ஜிமெயிலில் வந்த ஜேபெக் படத்தை ஒரே தட்டில் போட்டோஸில் சேர்க்கலாம். எடுத்த தேதிப்படி அதுவே அடுக்கிக்கொள்ளும். கல்யாணம், வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் என்று உறவினர்கள் அனுப்பும் படங்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பாட்டியின் முகத்தைத் தட்டினால் பாட்டி இருக்கும் படங்களெல்லாம் வந்து நிற்கும். அந்த வகைப் படங்கள்தான் உங்களிடம் இருக்கின்றன என்றால் யோசிக்காமல் இங்கே போட்டுவிடுங்கள்.

சுவருக்கு முகம் கிடையாது. பூசாத செங்கல் சுவர்கள் அத்தனையும் ஒன்றுபோலவே இருக்கும். தேதிப்படி அடுக்கியதில் 'கிழக்குப் படுக்கையறை வடக்குச் சுவர்' எந்த வாரத்தில் வந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்? ஆல்பம் போடலாம், ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பும் எழுதலாம். ஆனால் அங்கே எழுதும் குறிப்பு படத்துக்குள் போவதில்லை. நாளைக்கு எல்லாவற்றையும் மொத்தமாக வெளியே எடுத்தால் படம் தனியாகவும் குறிப்பு தனி ஃபைலாகவும் வரும். உழைத்து எழுதியதெல்லாம் படத்தை விட்டுப் பிரிந்துவிடும்.

நம் சொந்தக் குடும்பப் படங்களும் அதே இடத்தில் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. பிள்ளையின் பிறந்தநாளுக்கு இடையில் ஐம்பது கம்பிப் படங்கள் வந்து உட்காரும். எரிச்சலில் ஒருநாள் அவற்றை நாமே அழித்துவிடுவோம்.

இடக் கணக்கும் உண்டு. 2021 ஜூன் 1-க்குப் பிறகு போட்டோஸில் ஏற்றும் படங்கள் 15 ஜிபி இலவசக் கணக்கில் சேர்கின்றன. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 15. ஒரு வீட்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு படம், படம் ஒன்றுக்கு 4 எம்பி என்று வைத்தால் 6 ஜிபி ஆகிறது. மெயிலிலும் போட்டோஸிலும் இரண்டு பிரதி இருந்தால் 12. மீதி மூன்றில்தான் உங்கள் மற்ற மெயில்கள் எல்லாம்.

டிரைவில் ஃபோல்டர்

கட்டிடப் படங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். வேலை கேட்கும், ஆனால் நாம் எதை வைத்துத் தேடுவோமோ அதை வைத்தே அடுக்க விடுவது இந்த வழிதான்.

ஜிமெயிலில் மெயிலைத் திறந்ததும் படங்களை டிரைவில் சேர்க்கும் குறி இருக்கும். தட்டினால் நம் டிரைவுக்குப் பிரதி போய்விடும். அங்கே அறைக்கு ஒரு ஃபோல்டர் போடுங்கள்: ஹால், அடுக்களை, படுக்கையறை ஒன்று, இரண்டு, குளியலறை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. அறைக்குள் அடங்காதவற்றுக்கு அஸ்திவாரம், மேல்தளம், வெளிப்புறம் என்று மூன்று. வெளிப்புறத்தில் சம்ப், செப்டிக் டேங்க், கழிவுநீர்க் குழாய் போகும் வழி எல்லாம் வரும். மாதவாரியாக ஃபோல்டர் போடாதீர்கள். தேதி படத்துக்குள்ளேயே இருக்கிறது, அதற்கு ஃபோல்டர் வீண்.

அப்புறம் பெயர். படங்கள் வரும்போது ஐஎம்ஜி என்று தொடங்கி ஏதோ எண்ணோடு வரும். ஐபோனில் அந்த எண் 9999 தாண்டினால் மறுபடி 0001-இலிருந்து தொடங்கும். இரண்டு பேர் அனுப்பினால் ஒரே பெயரில் இரண்டு வேறு படங்கள் வருவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. '2024-03-12 குளியலறை1 வடக்குச் சுவர் பைப்' என்று மாற்றி வைத்தால், ஃபோல்டரே காணாமல் போனாலும் படம் தன் கதையைத் தானே சொல்லும். வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் பெயர்ப்படி அடுக்கும்போது காலவரிசையும் தானாக வந்துவிடும். படம் எடுத்த தேதிப்படி அடுக்க டிரைவில் வழியில்லை என்பதால் இது அவசியம். தமிழிலேயே பெயர் வைக்கலாம், டிரைவிலும் விண்டோஸிலும் சிக்கலில்லை. ஜிப்பாகக் கட்டி எங்காவது பழைய மென்பொருளில் பிரித்தால் மட்டும் எழுத்து சிதைய வாய்ப்புண்டு.

வந்த எல்லாப் படங்களுக்கும் இப்படிப் பெயர் வைக்கத் தேவையில்லை. மணல் லோடு இறங்கியது, கொத்தனார் சாரத்தில் நிற்பது இதெல்லாம் மெயிலிலேயே கிடக்கட்டும். மூடப்போகிற வேலையின் படம் என்றால் மட்டும் பெயர் வைத்து ஃபோல்டரில் போடுங்கள். வாரத்துக்குப் பத்துப் பதினைந்து படம்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

சூப்பர்வைசருக்கே ஃபோல்டரைத் திறந்துவிட்டு, "நேரா இதுலயே போட்டுருங்க" என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். அங்கே ஒரு சிக்கல். தனிநபர் கணக்குகளில், உங்கள் ஃபோல்டரில் அவர் ஏற்றிய படத்துக்கும் உரிமையாளர் அவர்தான். அவர் கணக்கிலிருந்து அழித்தால் அழிந்ததுதான். மெயிலில் வாங்கி நாமே டிரைவில் சேர்த்தால் படம் நம்முடையது. இதனால்தான் மெயிலை விட வேண்டாம் என்கிறேன்.

ஊரில் இருக்கும் அப்பாவுக்கோ மச்சானுக்கோ பார்வையிடும் அனுமதி கொடுத்து வையுங்கள். பிளம்பர் வரும்போது வீட்டில் இருப்பவர் அவர்தான். லிங்க் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். வீட்டின் உள்ளமைப்பு முழுதும் அதில் இருக்கிறது.

கம்ப்யூட்டரும் ஹார்டு டிஸ்க்கும்

யாருடைய விதி மாறினாலும் பாதிக்காத வழி. மாதச் செலவும் இல்லை. மெயிலில் 'எல்லாவற்றையும் இறக்கு' என்பதைத் தட்டினால் ஜிப்பாக வரும். தண்டர்பேர்டு என்ற இலவச மெயில் மென்பொருளில் திறந்தால் ஒரு மெயிலில் உள்ள எல்லா இணைப்புகளையும் நேராக ஒரு ஃபோல்டரில் சேமிக்கலாம். எடுத்த தேதியைப் பெயரில் மொத்தமாகச் சேர்க்க இர்ஃபான்வியூ, எக்ஸிஃப்டூல் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.

ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது. ஒரு டிஸ்க் என்பது ஒரு பிரதி. விழுந்தால் முடிந்தது. பென்டிரைவை நான் கணக்கிலேயே எடுக்க மாட்டேன். வெளிநாட்டில் இருப்பவரின் லேப்டாப்பில் இருக்கும் படம், ஊரில் டிரில்லோடு நிற்பவருக்கு உதவாது என்பதும் இருக்கிறது. டிரைவ் ஃபோல்டரை மொத்தமாக இறக்கி வைக்கும் இரண்டாவது பிரதியாக இதை வைத்துக்கொள்வதுதான் சரி.

இணைப்புகளைத் தானாகவே டிரைவுக்கு அனுப்பும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் போன்ற வழிகளும் உண்டு. ஐந்தாறு சைட் நடத்தும் இன்ஜினீயருக்கு அது பிரயோஜனம். ஒரு வீட்டுக்கு வேண்டாம். எது எந்தச் சுவர் என்று அது சொல்லாது, கையெழுத்துக்குக் கீழே வரும் கம்பெனி லோகோவையும் சேர்த்து அள்ளி வரும்.

எப்படி எடுக்க வைப்பது

எங்கே சேமித்தாலும், எடுக்கும்போது விட்டதைப் பிறகு சேர்க்க முடியாது. குளியலறைச் சுவரின் படம் ஒன்று எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். சுவரின் மூலையும் தரையும் படத்தில் தெரிய வேண்டும். அளவு டேப்பைத் தரையிலிருந்து மேலே பிடித்து ஒரு படம், மூலையிலிருந்து குறுக்கே பிடித்து ஒரு படம். டேப்பின் எண் படிக்கும்படி இருக்க வேண்டும். சுவரிலேயே சாக்பீஸால் 'கு1 வடக்கு' என்று எழுதிவிடச் சொல்லுங்கள், எப்படியும் பூசப்போகிற சுவர்தான். இப்படி வந்த படத்துக்கு நீங்கள் பெயர் வைக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. தரை மட்டம் டைல்ஸ் போட்ட பிறகு உயரும் என்பதால், பைப்பின் உயரத்தைப் பிறகு கணக்கிடும்போது தரை உயர்ந்த அளவைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

அடுக்குமாடியில் வீடு வாங்குபவர்களுக்கு இத்தனை படங்கள் கிடைப்பதில்லை. ஆனாலும் பில்டர் அனுப்பும் கட்டுமான நிலைப் படங்களையும், சாவி வாங்கிய அன்று நீங்கள் எடுப்பவற்றையும் மெயிலோடு வைத்திருங்கள். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் 14-ஆம் பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளைப் பில்டர் உங்களுக்குச் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். குறைந்தது அந்த ஐந்து ஆண்டுக்காவது மெயிலில் கை வைக்காதீர்கள்.

சொந்த வீடு கட்டுகிறவர்கள் டிரைவில் எல்லாம் சேர்ந்துவிட்டது, இரண்டாவது பிரதியும் எடுத்தாயிற்று என்றாலும் மெயிலை உடனே காலி செய்ய வேண்டாம். கடைசி பில் முடிந்து, ஒரு மழைக்காலமும் கடந்து, ஒழுகல் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு பெரிய மெயில்களை மட்டும் பார்த்து அழிக்கலாம். அதற்குள் இடம் நிறைந்துவிட்டால் கூகுளின் 100 ஜிபி திட்டத்தை ஒரு வருடத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவில் அது ஒரு சிமென்ட் லோடுக்குக்கூட வராது.

அழிப்பதற்கு முன் குளியலறைகள், அடுக்களை, மெயின் சுவிட்ச் போர்டு இருக்கும் சுவர், செப்டிக் டேங்க் ஆகியவற்றின் படங்களை மட்டும் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து பிரிண்ட் போட்டு, பின்புறம் இடத்தை எழுதி, பிளான் அப்ரூவலும் பட்டாவும் இருக்கும் அதே ஃபைலில் வைத்துவிடுங்கள்.